பாடும் குரலும் பயிற்றும் முறையும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இசைக்கு உருகாத உள்ளம் உண்டோ? தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடிகின்ற நம் வாழ்வில் இடையே வரும் நடவு, திருமணம், திருவிழா எதுவும் பாட்டில்லாமல் நடந்தேறுவதில்லை. வீணை வாங்கப் பணம் வேண்டும். நாகசுரம் பழக நல்ல ஆசான் வேண்டும். ஒன்றும் இல்லாதவர்க்கும் இயற்கை இலவசமாக வழங்கியுள்ள இசைக்கருவி ஒன்று உண்டென்றால் அது குரலே ஆகும். ஆயினும் அக்கருவி எவ்வாறு ஒலிக்கின்றது, அதனை எவ்வாறு பழக்குவது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கின்றோம்?

இக்கேள்வி எனக்கு ஏட்டிலிருந்து பிறந்ததன்று. எட்டாம் வகுப்பு முடியும்வரை பள்ளியில் காலை வணக்கத்தின்போது தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடும் மூவரில் நானும் ஒருவன். ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள் பாட்டின் நடுவில் என் குரல் இரண்டாகப் பிளந்து கீச்சென்றது. மாணவர் கூட்டம் சிரித்தது. "உனக்குக் குரல் போச்சுடா, வரிசைல போயி நில்லு" என்றார் பொறுப்பிலிருந்தவர். போய் நின்றேன். அதன்பின் ஐந்தாண்டுகள் நான் பாடவே இல்லை.

இவ்வாண்டு ஒலியியல் செய்முறை வகுப்பில் ஒத்ததிர்வுக் குழாயைக் கையாளும் நாள் வந்தது. அதிரும் இசைக்கவையைக் குழாயின் வாயருகே பிடித்து நீர்மட்டத்தை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் மட்டும் ஒலி திடீரெனப் பெருகும். "உங்கள் ஒவ்வொருவர் கழுத்திலும் இப்படி ஒரு குழாய் இருக்கிறது" என்றார் பேராசிரியர். அன்று மாலை பேருந்தில் தா.பழூர் வந்து சேரும்வரை என் கை என் கழுத்திலேயே இருந்தது. போனதாகச் சொல்லப்பட்ட என் குரல் உண்மையில் எங்கே போயிற்று? அதைத் தேடிப் படித்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

உடையார்பாளையத்துக் 'கனம்'

குரலைப் பழக்கும் கலைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர் அடங்கிய உடையார்பாளையம் வட்டத்தின் தலைமை ஜமீனிலேயே அக்கலையின் பெயரையே தம் பெயரோடு தாங்கிய ஒருவர் வாழ்ந்திருக்கின்றார். அவர்தாம் கனம் கிருஷ்ணையர்.

அரியலூர்ப் பக்கத்துப் பெரிய திருக்குன்றத்தில் பிறந்த அவர் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் புகழோடு விளங்கியவர். உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சிக் கல்யாணரங்கரின் அவையில் வித்துவானாக இருந்தவர். தமிழில் பல பதங்கள் இயற்றியவர். தமிழ்த்தாத்தா உ.வே.சாமிநாதையரின் தந்தையார் வேங்கடசுப்பையர் இவரிடம் பல ஆண்டுகள் உடனிருந்து இசை பயின்றார். இவ்வரலாற்றை உ.வே.சா. தம் 'என் சரித்திரம்' நூலிலும், கிருஷ்ணையரைப் பற்றித் தனியே எழுதிய நூலிலும் சொல்லியிருக்கின்றார்.

கனம், நயம், தேசிகம் என்று பாடும் வழிகளை மூன்றாகப் பகுப்பது அக்கால வழக்கம். அவற்றுள் கனம் என்பது கடினமானது. உடல் வலிமையும் ஓயாத சாதகமும் இருந்தாலன்றிக் கைகூடாதது. பொப்பிலி சமஸ்தானத்திலிருந்து தஞ்சைக்கு வந்த கேசவையா என்னும் வித்துவான் அவ்வழியில் பாடக் கேட்டு, அதனைத் தாமும் பயின்று தேர்ந்ததனாலேயே கிருஷ்ணையர்க்குக் 'கனம்' என்பது பட்டமாயிற்று. ஒலிபெருக்கி என்ற ஒன்று கனவிலும் இல்லாத காலம். அரண்மனை மண்டபத்தின் கடைசித் தூண்வரை கேட்க வேண்டுமாயின் குரல் ஒன்றையே நம்ப வேண்டும்.

எங்கள் பெரியப்பா ஊர்த்திருவிழா நாடகங்களில் முப்பது ஆண்டுகள் அரிச்சந்திரன் வேடம் கட்டியவர். அவரிடம் ஒருநாள், "பெரியப்பா, விடிய விடிய எப்படிப் பாடுறீங்க?" என்று கேட்டேன். "தொண்டையால பாடுறவன் பத்து மணிக்குப் படுத்துடுவான் தம்பி. வயித்தால பாடணும்" என்றார். அடிவயிற்றிலிருந்து, நாபியிலிருந்து குரலை எழுப்ப வேண்டும் என்பது சங்கீதம் பயின்றோர், நாடகக்காரர் என இருசாராரும் சொல்லும் சொல். அவ்வளவு ஏன்? தொல்காப்பியத்தின் பிறப்பியலே எழுத்தொலி பிறக்கும் காற்று கொப்பூழ்ப் பகுதியில் தொடங்குவதாகக் கூறி, அது தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் நிலைபெற்றுப் பின் பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் இவற்றால் உருப்பெறுவதாக எட்டு இடங்களைக் கணக்கிட்டுச் சொல்கின்றது.

வயிற்றில் குரல் இருக்கின்றதா? அறிவியல் என்ன சொல்கின்றது?

காற்று, நாண், குழாய்

பாடும் குரலுக்கு மூன்று உறுப்புகள் வேண்டும். துருத்தி ஒன்று, அதிரும் நாண் ஒன்று, அவ்வொலிக்கு உருவம் தரும் குழாய் ஒன்று. நுரையீரல் துருத்தி, குரல்வளையிலுள்ள குரல்நாண்கள் அதிர்வன, அவற்றின் மேலே தொண்டை முதல் உதடுவரை உள்ள வெளியே குழாய்.

முதலில் துருத்தியைப் பார்ப்போம். நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் இடையே குடை கவிழ்த்தாற்போல் உதரவிதானம் என்னும் தசைத்தட்டு இருக்கின்றது. நாம் ஆழ்ந்து மூச்சிழுக்கும்போது அது கீழே இறங்கும். இறங்கினால் குடல் முதலிய உறுப்புகள் முன்னே தள்ளப்பட்டு வயிறு உப்பும். பாடும்போது வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் சேர்ந்து அக்காற்றை ஒரே சீராக வெளிவிடுகின்றன. ஆகவே வயிற்றில் காற்றும் இல்லை, குரலும் இல்லை. ஆனால் காற்றை அளந்துவிடும் பிடி அங்கேதான் இருக்கின்றது. பெரியப்பா சொன்னது உடற்கூற்றின்படி பிழை. பயிற்சியின்படி முற்றிலும் சரி!

காற்றை எவ்வளவு அழுத்தத்தோடு விட வேண்டும்? இதனை அளக்கப் பெரிய கருவி வேண்டா. பப்பாளி இலைக் காம்பு ஒன்றைப் பறித்து, நீர் நிறைந்த குடத்தில் ஒரு சாண் அளவில் பாதிக்கும் குறைவாக, அதாவது 7 சென்டிமீட்டர் ஆழத்தில் அதன் நுனியை வைத்து ஊதுங்கள். குமிழி வரும் அளவு ஊதினால், சாதாரணமாகப் பேசுவதற்கு நுரையீரல் தரும் அழுத்தம் ஏறத்தாழ அதுதான். காம்பை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு இறக்கி ஊதிப் பாருங்கள். கன்னம் வலிக்கும். உரத்த குரலில் மேல் ஸ்தாயியில் பாடுவோர் அத்துணை அழுத்தத்தைச் சீராகத் தாங்கி நிற்கின்றனர். அழுத்தம் இரட்டித்தால் ஒலி ஏறத்தாழ 8 அல்லது 9 டெசிபல் கூடும். கனமார்க்கத்துக்கு உடல் வலிமை வேண்டும் என்று முன்னோர் சொன்னதன் பொருள் இப்போது விளங்குகின்றதல்லவா?

நாண் என்னும் கதவு

குரல்நாண் என்றதும் வீணைத் தந்திபோல் ஒன்று கட்டப்பட்டிருப்பதாக எண்ணிவிடக் கூடாது. மூச்சுக்குழலின் உச்சியில் இருபுறமும் உள்ள இரண்டு மென்மையான தசைமடிப்புகளே அவை. ஆண்களுக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர் நீளம். பெண்களுக்கு ஏறத்தாழ 12 முதல் 17 மில்லிமீட்டர். மூச்சுவிடும்போது விலகியும், பாடும்போது நெருங்கியும் நிற்கும் கதவிரண்டு எனலாம்.

உயிருள்ள மனிதனிடம் இவை இயங்குவதைக் கண்டு விளக்கியதற்காகப் பெரும்புகழ் பெற்றவர் மருத்துவர் அல்லர். ஒரு பாட்டு வாத்தியார். மானுவல் கார்சியா என்னும் ஸ்பானியர் 1854-ஆம் ஆண்டில் பல் மருத்துவர் வைத்திருக்கும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டைக்குள் வைத்து, சூரிய ஒளியை மற்றொரு கண்ணாடியால் திருப்பிவிட்டுத் தம் குரல்நாண்களைத் தாமே கண்டார். மாணவர்க்கு எதைக் கற்பிக்கின்றோம் என்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசிரியரின் ஆர்வம் மருத்துவத்துக்கே ஒரு புதுக்கருவியைத் தந்தது.

அவை ஏன் அதிர்கின்றன? இரண்டு தாள்களை உதட்டின் முன் சிறு இடைவெளியோடு தொங்கவிட்டு இடையே ஊதுங்கள். விலகும் என்று எதிர்பார்ப்போம். மாறாக அவை ஒன்றையொன்று நெருங்கும். விரைந்து செல்லும் காற்றில் அழுத்தம் குறைகின்றது என்னும் பெர்னூலி தத்துவம் இதுவே. கீழிருந்து வரும் காற்று நாண்களைத் திறக்கின்றது; காற்று பாய்ந்ததும் அழுத்தக் குறைவும் தசையின் மீள்சக்தியும் சேர்ந்து அவற்றை மூடுகின்றன; மறுபடி காற்று திறக்கின்றது. ஒவ்வோர் அதிர்வுக்கும் மூளை நரம்பின் வழியே கட்டளை அனுப்புகின்றது என்று 1950-இல் பிரான்சு நாட்டு உசோன் என்பவர் கூறினார். அது தவறு, காற்றும் மீள்சக்தியுமே போதும் என்பதை 1958-இல் வான்டன் பெர்க் என்னும் டச்சு அறிஞர் விளக்கினார். நாண்களின் மேற்பரப்பில் ஓடும் அலையும் இதற்குத் துணைசெய்கின்றது என்று பின்வந்தோர் கண்டனர்.

நாண்கள் நீண்டு இறுகினால் அதிர்வெண் கூடும், தளர்ந்தால் குறையும். சோனாமீட்டரில் எடையை ஏற்றினால் சுருதி ஏறுவதைப் போன்றதே இது. நம்மூர் வழக்கில் சுருதியைக் கட்டையால் சொல்வோம். ஆர்மோனியத்தின் கட்டைகளிலிருந்து வந்த வழக்கு அது. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆடவரின் நடு ஸ்தாயி ஷட்ஜம் விநாடிக்கு ஏறத்தாழ 131 அதிர்வுகள். கீழ்ப் பஞ்சமம் 98. மேல் ஸ்தாயிப் பஞ்சமம் 392. ஐந்து கட்டையில் பாடும் பெண்டிரின் ஷட்ஜம் 196. கச்சேரி செய்வோர் இவ்வாறு கீழ்ப் பஞ்சமத்திலிருந்து மேல் பஞ்சமம்வரை இரண்டு ஸ்தாயிகளையேனும் ஆள வேண்டும்.

குழாயின் வேலை

குரல்நாண்களின் ஒலியை மட்டும் தனியே கேட்டால் அது இனிமையாக இராது. வண்டின் ரீங்காரம் போன்ற ஓர் இரைச்சலே. அதில் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு என எண்ணற்ற மேற்சுரங்கள் அடங்கியிருக்கும். அவற்றில் எதை வளர்ப்பது, எதை அடக்குவது என்று தீர்மானிப்பது மேலேயுள்ள குழாய்.

வளர்ந்த ஆணின் குரல்வளையிலிருந்து உதடுவரை ஏறத்தாழ 17.5 சென்டிமீட்டர். ஒருபுறம் மூடி ஒருபுறம் திறந்த குழாயாக இதனைக் கொண்டு, நாம் ஆய்வகத்தில் பயன்படுத்தும் அதே சூத்திரத்தில் இட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பான காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு 350 மீட்டர். நீளத்தின் நான்கு மடங்கான 0.70 மீட்டரால் வகுத்தால் 500. அடுத்தவை ஒற்றைப்படை மடங்குகளாகிய 1500, 2500. இவையே நம் வாய்க்குழாயின் இயற்கையான ஒத்ததிர்வு எண்கள். நாவையும் உதட்டையும் தாடையையும் அசைத்துக் குழாயின் வடிவை மாற்றும்போது இவ்வெண்கள் இடம் மாறுகின்றன. 'ஆ' என வாய் திறந்தால் முதல் எண் 700-க்கு மேல் ஏறும். 'ஈ' என்றால் அது 300 அளவுக்கு இறங்கி, இரண்டாவது 2000-ஐத் தாண்டும். என் தாயின் 'ஆ'வும் என் 'ஆ'வும் சுருதியில் வேறானாலும் 'ஆ'வாகவே கேட்பதன் மர்மம் இதுதான். நாணும் குழாயும் தனித்தனி வேலை செய்கின்றன என்னும் இக்கொள்கையை 1960-இல் நூலாக வகுத்தளித்தவர் சுவீடன் நாட்டு குன்னார் ஃபான்ட்.

அதே நாட்டின் யோகன் சுந்த்பரி 1970-களில் மற்றொன்றைக் கண்டார். மேலைநாட்டு ஆபரா மேடையில் பெரிய வாத்தியக் குழுவின் முன் ஒலிபெருக்கியின்றிப் பாடும் ஆடவரின் குரல் எவ்வாறு அமுங்காமல் கேட்கின்றது? வாத்தியங்களின் வலிமை மிகுந்திருப்பது 500 அதிர்வெண்ணை ஒட்டி. பாடகரோ குரல்வளையைச் சற்றே தாழ்த்தி, அதன் மேல்வாயைக் குறுக்கி, 3000 அதிர்வெண்ணை ஒட்டி ஒரு தனி ஒலிக்கொத்தை எழுப்புகின்றார். அவ்விடத்தில் வாத்தியங்கள் வலுவிழந்திருக்கும். மேலும் நம் காதின் துளை 2.5 சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். அதன் ஒத்ததிர்வும் 3400-ஐ ஒட்டியே வரும். ஆக, கேட்பவரின் காது எதற்கு இசைந்திருக்கின்றதோ அங்கே குரலைக் குவிப்பதுதான் வித்தை. கத்துவதால் கடைசி வரிசைக்குக் கேட்பதில்லை. குழாயை அறிந்து பாடுவதால் கேட்கின்றது.

காணாத கருவியைக் கற்பிப்பது எங்ஙனம்?

மிருதங்கம் கற்பிப்பவர் விரலைத் திருத்தலாம். வயலின் கற்பிப்பவர் வில்லைப் பிடித்துக் காட்டலாம். குரலைக் கற்பிப்பவர் எதைத் தொட்டுக் காட்டுவார்? கருவி உள்ளே ஒளிந்திருக்கின்றது. ஆகையால்தான் "வயிற்றிலிருந்து பாடு", "குரலை முன்னே கொண்டுவா", "தொண்டையைத் திற" என்று ஆசிரியர்கள் உவமையாகப் பேசுகின்றனர். உவமை நல்ல வழிகாட்டி. ஆனால் அதன் பின்னேயுள்ள உண்மையை ஆசிரியர் அறிந்திருந்தால்தான் மாணவன் தவறாகப் புரிந்துகொள்ளும்போது திருத்த முடியும். நான் படித்தவற்றிலிருந்து கற்பிக்கும் முறையைச் சில படிகளாகத் தொகுத்துத் தருகின்றேன்.

முதற்படி, சுருதியைத் தேர்தல். மாணவனின் சுருதிக்கு ஆசிரியர் இறங்கி வர வேண்டும். ஆசிரியரின் சுருதிக்கு மாணவனை இழுக்கலாகாது. சிரமமின்றி எட்டும் மிகத் தாழ்ந்த சுரத்தைக் கண்டு, அது கீழ்ப் பஞ்சமமாக அமையுமாறு ஷட்ஜத்தை வைத்துக்கொள்ளலாம். இன்று செல்பேசியிலேயே அதிர்வெண்ணைக் காட்டும் செயலிகள் இருப்பதால் இது எளிது.

இரண்டாம் படி, மூச்சு. நிமிர்ந்து உட்கார்ந்து, தோள் உயராமல் வயிறும் விலாவும் விரியுமாறு மூச்சிழுத்து, 'ஸ்ஸ்' என்று ஒரே சீராக விடப் பழக்க வேண்டும். எத்தனை விநாடி என்பதைவிட எவ்வளவு சீராக என்பதே முக்கியம்.

மூன்றாம் படி, மெல்லத் தொடங்குதல். வாய் மூடி மகாரத்தில் இழுப்பதும், சிறு குழாயின் வழியே ஒலி எழுப்புவதும் குரல்நாண்களுக்கு நல்ல பயிற்சி. வாய்ப்புறம் குறுகலாக இருக்கும்போது அங்கே எழும் பின்னழுத்தம் நாண்கள் ஒன்றோடொன்று கடுமையாக மோதாமல் தடுக்கின்றது. ஃபின்லாந்தில் கண்ணாடிக் குழாயை நீரில் அமிழ்த்தி இம்முறையைப் பல்லாண்டுகளாகக் கையாள்கின்றனர். அமெரிக்காவில் இங்கோ டிட்சே என்னும் அறிஞர் உறிஞ்சு குழலைக் கொண்டு இதனைப் பரப்பினார். நமக்கோ பப்பாளிக் காம்பு கொல்லையிலேயே இருக்கின்றது!

நான்காம் படி, வரிசைகள். புரந்தரதாசர் வகுத்ததாகப் போற்றப்படும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியவற்றை அறிவியல் கண்கொண்டு நோக்கினால் வியப்பு மேலிடுகின்றது. அவற்றுக்குரிய மாயாமாளவகௌளை இராகத்தில் ஸ ரி க ம என்னும் முற்பாதியின் இடைவெளிகளும் ப த நி ஸ என்னும் பிற்பாதியின் இடைவெளிகளும் ஒன்றே. கீழே பழகியது மேலேயும் உதவும். ஒரே வரிசையை மூன்று காலத்தில் பாடுவது குரல்நாண் தசைகளுக்கு விரைவைப் படிப்படியாகக் கற்பிக்கின்றது. பின் அகாரத்தில் பாடும்போது குழாயின் வடிவம் மாறாதிருக்க, நாணின் இயக்கம் மட்டும் தனித்துப் பழகுகின்றது.

ஐந்தாம் படி, செவி. குரலுக்கு உண்மையான ஆசிரியர் காதுதான். 256, 260 எனச் சிறிதே வேறுபட்ட இரு இசைக்கவைகளைச் சேர்த்து ஒலித்தால் விநாடிக்கு நான்கு விம்மல்கள் கேட்கும். தம்புராவோடு நம் ஷட்ஜம் சற்றே விலகினாலும் இவ்விம்மல் தோன்றும். சரியாகச் சேர்ந்தால் மறையும். அந்த அமைதியைக் கேட்கப் பழகியவனுக்குச் சுருதி விலகாது. மேலும், நம் குரலை நாம் எலும்பின் வழியாகவும் கேட்கின்றோம். பிறர் காற்றின் வழியாக மட்டுமே கேட்கின்றனர். ஆதலால் பதிவு செய்து கேட்டால் நம் குரல் நமக்கே அந்நியமாக ஒலிக்கும். வெட்கப்படாமல் பதிவு செய்து கேட்பது நன்று.

குரலைக் காத்தல்

131 அதிர்வெண்ணில் ஒரு மணி நேரம் இடைவிடாது பாடினால் குரல்நாண்கள் 4,71,600 முறை ஒன்றோடொன்று மோதுகின்றன. 196 எனில் 7,05,600 முறை. தாள் போன்ற மென்மையான படலம் இத்தனை அடியைத் தாங்குவதே விந்தை. கத்திக் கத்திப் பாடினால் மோதும் இடத்தில் வீக்கம் கண்டு, நாளடைவில் முடிச்சாகத் தடித்துவிடும். ஆசிரியர்கள், கூவி விற்போர், நாடகக்காரர் முதலியோர்க்கு இது தொழில் தரும் நோய்.

'வயித்தால பாடணும்' என்ற என் பெரியப்பாவையும் அது விடவில்லை. சளியோடும் காய்ச்சலோடும் தொடர்ந்து நான்கு ஊர்களில் வேடம் கட்டினார். குரல் கரகரத்தது. பனங்கற்கண்டும் மிளகும் மென்றுகொண்டு மேலும் பல மாதங்கள் ஆடினார். பிறகே மருத்துவரிடம் சென்றார். முடிச்சு என்றும், குரலுக்கு ஓய்வு தர வேண்டும் என்றும் சொன்னார்கள். ஓய்வென்றால் கிசுகிசுப்பதும் கூடாது. இறுக்கிக் கிசுகிசுப்பதும் நாண்களுக்குச் சுமையே. அந்தச் சில வாரங்கள் அவர் சிலேட்டில் எழுதிக் காட்டிப் பேசினார். எழுத்துக்கூட்டி எழுதும் அவருக்கு ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் ஆகும். பெரியம்மாவுக்கோ படிக்கத் தெரியாது; நான் போய்ப் படித்துச் சொல்வேன். ஒருநாள் சிலேட்டில், "அரிச்சந்திரன் யாரு?" என்று எழுதினார். அவ்வாண்டுத் திருவிழாவில் தம் வேடத்தை யார் கட்டுவது என்று கேட்கின்றார் எனப் புரிந்தது. என்னால் விடை சொல்ல முடியவில்லை.

குரல் பெருமளவு திரும்பி வந்தது. ஆனால் விடியவிடிய ஆடும் வலிமை வரவில்லை. ஆகவே பாடுவோர் அனைவரும் மனத்திற் கொள்ள வேண்டியவை: நிறையத் தண்ணீர் பருகுக. சளி பிடித்திருக்கும்போது உரக்கப் பாடற்க. பாட்டுக்கிடையே ஓய்வு கொடுக்க. கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் கைவைத்தியத்தில் காலம் கடத்தாமல் தொண்டை மருத்துவரைக் காண்க.

உடைவது குரலா?

இனி என் பழைய கேள்விக்கு வருகின்றேன். பன்னிரண்டு வயது முதல் பதினைந்துக்குள் ஆண்பிள்ளைகளின் குரல்வளை விரைந்து வளர்கின்றது. கழுத்தின் முன்புறம் குருத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிவது அதனால்தான். குரல்நாண்கள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்குகின்றது. பெண்பிள்ளைகளுக்கும் மாற்றம் உண்டு. ஆனால் சில சுரங்களே இறங்கும். கருவி வளர்ந்துவிட்டது, ஆனால் மூளையோ பழைய கருவிக்குரிய கட்டளையையே தருகின்றது. அதனால்தான் குரல் பிளந்து கீச்சிடுகின்றது. சில மாதங்களிலிருந்து ஓரிரு ஆண்டுகளில் இது தானே அடங்கிவிடும்.

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு நேர்ந்தது இவ்வளவுதான். பள்ளியில் அனைவரும் பாடிய சுருதி சிறுபிள்ளைகளின் சுருதி. என் நாண்கள் அதற்குக் கீழே இறங்கிவிட்டிருந்தன. ஒரு ஸ்தாயி கீழே அதே பாட்டைப் பாடியிருக்கலாம். ஷட்ஜத்துக்கு ஷட்ஜம் சரிபாதி அதிர்வெண். ஒன்றோடொன்று கலந்து விம்மலின்றி ஒலிக்கும். ஒரே ஒரு சொல், "கீழே இறங்கிப் பாடு" என்ற சொல், அன்று எனக்குக் கிடைத்திருந்தால் போதும்.

மாலை வேளைகளில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கும் அறிவியலும் சொல்லித் தருகின்றேன். அவர்களுள் ஒரு பையன் நன்றாகப் பாடுவான். சென்ற மாதம் முதல் வாயே திறக்கவில்லை. கேட்டதற்குத் தலைகுனிந்துகொண்டு, "குரல் போயிடுச்சுண்ணா" என்றான். அவனை உட்காரவைத்து, இரண்டு புட்டிகளில் நீர் ஊற்றி, குறைய ஊற்றியதையும் நிறைய ஊற்றியதையும் ஊதிக் காட்டினேன். "குரல் போகலடா தம்பி. புட்டி பெருசாயிருக்கு, அவ்வளவுதான். கத்தாம, நடுவுல எது சுலபமா வருதோ அதை மட்டும் பாடு" என்றேன். நம்பாமல் பார்த்தான். பிறகு மற்றப் பிள்ளைகள் பாட, அவன் அவர்களுக்கு ஒரு ஸ்தாயி கீழே மெல்லச் சேர்ந்துகொண்டான். அவனுக்குத் துணையாக நானும் பாடினேன். ஐந்தாண்டுகளுக்குப் பின் என் குரலை நான் கேட்டது அன்றுதான்.

ஒலியியலை ஆராய்வது இசைக்கு அயலான செயலன்று. நம் பழைய திருச்சி மாவட்டத்தின் திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.இராமன், மிருதங்கத்தின் நாதம் ஏன் இனிக்கின்றது என்பதை ஆராய்ந்து 1920-இல் உலகுக்கு அறிவித்தவர். அவ்வழியில் வந்த நாம் நம் கழுத்திலுள்ள கருவியையும் அறிந்துகொள்வோம். பள்ளிகளில் பாட்டுக் கற்பிப்போர் இச்சிறு உண்மைகளை அறிந்தால், 'உனக்குக் குரல் இல்லை' என்ற சொல் நம் வகுப்பறைகளிலிருந்து மறைந்துவிடும். பேசும் குழந்தைக்குப் பாடும் குரலும் உண்டு. அதற்குரிய சுருதியைக் கண்டு தருவதே ஆசிரியர் தொழில்.

வாழ்க இசை! வளர்க அறிவியல்!